காகிதத்தைக் கேட்டுவிட்டு அச்சிடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கையால் செய்த காகிதத்தில் ஒளிப்படங்களை அச்சிடுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் குறிப்பைவிடப் பல மடங்கு நீளம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பளபளப்பான போட்டோ பேப்பரில் கறுப்பு நல்ல கறுப்பாக வருகிறது, கூர்மையும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, கறுப்பு வெளிறிக் கூர்மையும் குறைகிற ஒரு காகிதத்துக்கு ஏன் போக வேண்டும்? கலை என்று சொல்லிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் சொல்கிற இரண்டு இழப்பும் உண்மை, அதைச் சொல்லாமல் இந்தக் காகிதத்தைப் புகழ்வது சரியில்லை. பளபளப்பான தாளில் மை மேல்பூச்சிலேயே நின்றுவிடும், பரப்பும் மழமழவென்று இருப்பதால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பிப் போய்விடும், நமக்குக் கறுப்பு ஆழமாகத் தெரியும். கையால் செய்த தாளில் நார்கள் மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன. விழுகிற ஒளியை அவை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. அதனால் எவ்வளவு மை போட்டாலும் கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தே இருக்கும். அச்சு அடர்த்தியை அளக்கிற கணக்கில் நல்ல பளபளப்புத் தாள் 2.2-ஐத் தாண்டும், பூச்சுள்ள, பளபளப்பில்லாத மேட் தாள் 1.6 அல்லது 1.7 வரை போகும், பூச்சே இல்லாத கைக்காகிதம் 1.3-ஐத் தொடுவதற்கே சிரமப்படும். எண்ணில் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் 1.3 என்றால் விழுந்த ஒளியில் 5 சதவீதம் திரும்பி வருகிறது, 2.2 என்றால் 1 சதவீதம்கூட வருவதில்லை.

சரி, இதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? படம் காகிதத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்காமல் அதற்குள்ளேயே இருப்பதாகத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தாலும், பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் ஒளி மினுங்கிக் குறுக்கே வராது. படத்தில் ஒன்றுமே இல்லாத இடம், உதாரணமாக மூடுபனி அல்லது வெறும் வானம், பளபளப்புத் தாளில் வெற்றிடமாக நிற்கும். இதில் அந்த இடத்தில் நார் இருக்கிறது, நிறத்தில் மெல்லிய ஏற்ற இறக்கம் இருக்கிறது, கண் அங்கே தங்குகிறது. வெள்ளையும் நீலம் பாய்ந்த வெள்ளையாக இல்லாமல் இழையின் சொந்த நிறமாக வரும். ஒரு படத்துக்கு இவையெல்லாம் தேவை என்றால் இழப்பைத் தாராளமாக ஏற்கலாம். தேவை இல்லையென்றால் நீங்கள் பளபளப்புத் தாளிலேயே இருப்பதுதான் நியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது புதிதாகக் கிளம்பிய மோகம் கிடையாது. 1839-இல் இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தன் ஒளிப்பட முறையை அறிவித்தபோது அவர் எடுத்துக்கொண்டது நல்ல எழுதுதாளைத்தான். அதை உப்பு நீரில் நனைத்து, வெள்ளி நைட்ரேட் பூசி, வெயிலில் வைத்தார். காகிதத்தில் ஒளிப்படம் என்பது நாருக்குள் ஊறிய படமாகத்தான் தொடங்கியது, மேல்பூச்சுத் தாள்கள் எல்லாம் பிறகு வந்தவை.

கேள்வி: எந்த மாதிரிப் படங்கள் இதற்குப் பொருந்தும்? என்னிடம் முகப்படங்கள்தான் அதிகம்.

பதில்: எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது, ஆனால் இதைக் கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்ற எல்லோரும் பிரிண்டரையும் மையையும் பற்றியே கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான ஏமாற்றம் படத் தேர்விலேயே நடந்துவிடுகிறது.

படத்தைத் தம்ப்நெயில் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் உருவம் பிடிபடுகிறதா? பிடிபட்டால் இந்தக் காகிதத்தில் நிற்கும். மரக்கிளை, கல், நீர், தொலைவில் தனியாக நிற்கும் ஆள், சுவரில் விழுந்த நிழல், கை, முதுகு, காய்ந்த இலை: இப்படி வடிவமே பேசுகிற படங்கள். நடுத்தர டோன்கள், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்கள், நிறைய இருப்பது நல்லது, ஏனென்றால் இந்தத் தாள் அழகாகக் காட்டுவது அந்த நடுப்பகுதியைத்தான். எதிர்மாறாக, இரவுக் காட்சியில் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு, அதற்குள் ஒரு மெல்லிய விவரம் என்று இருக்கிற படம் முழுசாக அடைத்துக்கொள்ளும். நியான் விளக்கு நிறங்கள், பூச்சியின் கண், கூட்டமான தெரு, சின்ன எழுத்து இருக்கிற பலகை, இவற்றை விட்டுவிடுங்கள்.

முகப்படத்துக்கு வருகிறேன். பிரச்சினை அளவில் இருக்கிறது. காகிதத்தின் சொரசொரப்பு மாறாது, படத்தின் அளவுதான் மாறும். உள்ளங்கை அளவுப் படத்தில் கண்ணின் கருவிழி சில மில்லிமீட்டர்தான் வரும். அந்த இடத்தில் ஒரு நார் முடிச்சு விழுந்தால் ஆளுக்குப் பார்வையே போய்விடும். அதே முகத்தைப் பெரிதாக அச்சிட்டால் முடிச்சு தோலோடு தோலாகக் கலந்துவிடும். ஆகவே முகம் என்றால் ஒன்று பெரிய தாள், அல்லது வழவழப்பான, முடிச்சில்லாத தாள். பூவிதழும் வைக்கோலும் தூவிய அலங்காரக் காகிதத்தில் முகத்தை அச்சிடவே வேண்டாம். அந்தத் தாள் தானே ஒரு படம், அதன் மேல் இன்னொரு படம் ஏறினால் இரண்டும் சண்டை போடும். வாழ்த்து அட்டைக்கு அது நன்றாக இருக்கும்.

கேள்வி: வீட்டில் உள்ள இங்க்ஜெட் பிரிண்டரில் கைக்காகிதத்தை வைத்து அச்சிட்டேன். நிறம் மங்கி, ஓரமெல்லாம் ஊறிப் பரவிவிட்டது. காகிதத்தின் குறையா, பிரிண்டரின் குறையா? தாளின் பிசிறு விளிம்பு உள்ளே மாட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: காகிதம் மையைக் குடித்துவிட்டது, அவ்வளவுதான். காகிதம் செய்யும்போதோ செய்த பிறகோ அது நீரை உடனே உறிஞ்சாமல் இருக்க ஜெலட்டின், ஸ்டார்ச் போன்ற ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்கள், சைசிங் என்று சொல்வது இதைத்தான். சைசிங் இல்லாத தாள் கிட்டத்தட்ட ஒற்றுத்தாள். வாங்கும்போதே ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டையாக ஒரு நிமிடமாவது நின்றால் நல்ல சைசிங், விட்டவுடன் காணாமல் போனால் நேரடி அச்சுக்கு உதவாது.

ஆனால் சைசிங் மட்டும் இருந்தாலும் இங்க்ஜெட்டுக்குப் போதாது. கடையில் விற்கும் இங்க்ஜெட் கலைத்தாள்களில் மையைப் பிடித்து அங்கேயே நிறுத்துகிற ஒரு நுண்துளைப் பூச்சு இருக்கிறது, கைக்காகிதத்தில் அது கிடையாது. அந்தப் பூச்சைத் தனியாகப் புட்டியில் வாங்கித் தூரிகையால் நாமே பூசிக்கொள்ளலாம். ஓவியப் பொருட்கள் விற்பவர்களிடம் இங்க்ஜெட் ப்ரீகோட், டிஜிட்டல் கிரவுண்ட் என்று கேட்டால் தெரியும். மெல்லிய இரண்டு பூச்சு, முதலாவது நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவதை அதற்குக் குறுக்காக. கனமாக ஒரே பூச்சாகப் போட்டால் தூரிகைக் கோடு படத்தில் தெரியும், காகிதத்தின் முகமும் பிளாஸ்டிக் பூசியதாகிவிடும். அப்புறம் எதற்குக் கைக்காகிதம்?

பூச்சே வேண்டாம், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை என்று அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் சில படங்களில் அந்த மங்கல் பிடிக்கும். அப்படியென்றால் பிக்மென்ட் மை உள்ள பிரிண்டரையே பயன்படுத்துங்கள். நீரில் கரைந்த சாயமான டை மை நாரோடு ஓடிப் பரவும், கரையாத பிக்மென்ட் துகள்கள் ஓரளவு மேலேயே தங்கும். பிரிண்டர் அமைப்பில் மேட் ஃபைன் ஆர்ட் தாள் வகையைத் தேர்ந்தெடுங்கள், போட்டோ பிளாக்குக்குப் பதிலாக மேட் பிளாக் மை ஓடட்டும். மையின் அளவைக் குறைத்தால் நிறம் இன்னும் வெளிறும் என்று நினைத்துப் பலர் கூட்டிவைக்கிறார்கள். பூச்சில்லாத தாளில் ஒரு எல்லைக்கு மேல் ஊற்றுகிற மை கறுப்பைக் கூட்டாது, பரவலைத்தான் கூட்டும், ஆகவே குறைத்துத்தான் பார்க்க வேண்டும். படத்தைத் தயாரிக்கும்போது நிழல்களைக் கொஞ்சம் தூக்கி, நடுத்தர டோன்களில் கான்ட்ராஸ்டைக் கூட்டி, திரையில் மிகையாகத் தெரியும் அளவுக்கு ஷார்ப்பன் செய்யுங்கள். தாள் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஒரே கட்டிலிருந்து வரும் தாள்களில் நிறைய அச்சிடப் போகிறீர்கள் என்றால் அந்தத் தாளுக்கென்றே ஐசிசி ப்ரொஃபைல், அதாவது அதில் நிறம் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு, செய்துகொள்வது நல்லது. பரப்பு சீராக இல்லாததால் ஒவ்வொரு நிறக் கட்டத்தையும் பல இடத்தில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

பிரிண்டர் பற்றிய பயம் நியாயமானதே. முதல் எதிரி தூசி. இந்தத் தாளில் ஒட்டாத நார்த் துணுக்குகள் நிறைய இருக்கும், அவை மை முனைகளில் போய் அடைத்துக்கொள்ளும். அச்சிடுமுன் மென்மையான அகலத் தூரிகையால் தாளை நன்றாகத் துடையுங்கள், தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். இரண்டாவது, வளைவு. வளைந்த தாளின் மூலையை மைத்தலை உரசும். தலைக்கும் கோளாறு, படத்திலும் கறை. தாளின் பின்பக்கம் லேசாக நீர் தெளித்து, இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி ஒரு நாள் விட்டால் படிந்துவிடும். பல பிரிண்டர்களில் மைத்தலைக்கும் தாளுக்கும் இடையிலான இடைவெளியை அகலமாக வைக்கும் வசதி இருக்கும், இருந்தால் அதைப் போடுங்கள். பிசிறு விளிம்பைப் பொறுத்தவரை, பிரிண்டரின் சென்சாருக்கு நேரான முன்விளிம்பு வேண்டும். மெல்லிய பாலியெஸ்டர் தாளின் மேல் கைக்காகிதத்தை வைத்து, எளிதில் உரியக்கூடிய டேப்பால் முன்பக்கம் ஒட்டி அனுப்புங்கள். தாளை வளைக்காமல் நேராக உள்ளே விடும் பாதை உள்ள பிரிண்டர் என்றால் வேலை பாதி முடிந்தது. இல்லாத பிரிண்டரில் கனமான தாளைத் திணிக்காதீர்கள்.

கேள்வி: அலைபேசியில் காகித டெக்ஸ்சர் ஃபில்ட்டர் போட்டுச் சாதாரணத் தாளில் அச்சிட்டால் அதே விளைவு வராதா?

பதில்: வராது. அச்சிட்ட மேடுபள்ளத்துக்கு நிழல் விழாது.

கேள்வி: இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி, வெயிலில் வைத்து நீலப் படம் எடுக்கும் சயனோடைப் முறையில் அச்சிடுகிறேன். வழக்கமான ஓவியத் தாளில் அருமையான நீலம் வருகிறது. புதிதாக வாங்கிய கைக்காகிதத்தில் கரைசலைப் பூசும்போதே நிறம் மாறுகிறது, கழுவினால் படம் மஞ்சளாகி ஓடிவிடுகிறது. அந்தத் தாளில் ஆசிட் ஃப்ரீ என்று போட்டிருந்தது. அங்கங்கே நீலப் புள்ளிகள் வேறு.

பதில்: அந்த ஆசிட் ஃப்ரீதான் காரணமாக இருக்கும். காகிதம் காலப்போக்கில் அமிலமாகி உடையாமல் இருக்கக் கூழிலேயே கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு வகைப் பொடி சேர்க்கிறார்கள். கடிதத்துக்கும் ஓவியத்துக்கும் அது நல்லது. சயனோடைப்பின் நீலம் பிரஷ்ய நீலம் என்ற இரும்புச் சேர்மம், அதற்குக் காரம் ஆகவே ஆகாது; காரம் பட்டால் நீலம் சிதைந்து மஞ்சள் பழுப்பாகிவிடும். தாளின் ஒரு மூலையில் வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ ஒரு சொட்டு விட்டு உற்றுப் பாருங்கள், நுண்ணிய குமிழ்கள் வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

இதைச் சரிசெய்ய முடியும். பிளாட்டினம் உலோகத்தால் படம் பதிக்கிற அச்சுக்காரர்களுக்கும் இதே தொல்லைதான், அவர்கள் தாளைச் சுமார் 10 சதவீத சல்ஃபாமிக் அமிலக் கரைசலில் குமிழ் அடங்கும் வரை ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைத்துவிட்டு அதன் பிறகே பூசுவார்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சல்ஃபாமிக் கிடைக்காவிட்டால் சிட்ரிக் அமிலமும் ஓரளவு வேலை செய்யும், நேரம் அதிகம் எடுக்கும். குழாய்த் தண்ணீர் கடினநீராக இருந்தால் அதுவே காரத்தன்மையோடு வந்து ஹைலைட்டுகளை, அதாவது படத்தின் வெளிர் பகுதிகளை, கழுவிவிடும், ஆகவே முதல் கழுவுதலில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேருங்கள்.

நீலப் புள்ளிகள் வேறு கதை. கூழ் அரைக்கும் இயந்திரத்திலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்த இரும்புத் துகள்கள் காகிதத்துக்குள் இருக்கின்றன, கரைசலில் உள்ள பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு அவற்றோடு சேர்ந்து வெயில் படாமலேயே நீலமாகிறது. இதற்கு மருந்து கிடையாது, தாளை மாற்ற வேண்டியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகம் முழுக்கப் படத்தாளுக்கான மூலத்தாளைப் பெரும்பாலும் பிரான்சின் ரீவ், அன்று ஜெர்மனி வசமிருந்த மால்மெடி என்ற இரண்டே ஊர்களின் ஆலைகள் விற்றுக்கொண்டிருந்தன என்றால் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, உலோகக் கலப்பில்லாத அவர்களின் தண்ணீர்.

இன்னும் இரண்டு விஷயம். சைசிங் குறைந்த தாள் என்றால் 2 சதவீத ஜெலட்டின் கரைசலை வெதுவெதுப்பாகப் பூசிக் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள். கரைசல் உள்ளே இறங்காமல் மேலே நின்றால்தான் நீலம் ஆழமாக வரும். கழுவும்போது ஈரத்தாளைக் கையால் தூக்காதீர்கள், அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்து அதோடு சேர்த்துத் தூக்குங்கள், இல்லாவிட்டால் தன் கனத்திலேயே கிழியும். ஒன்று சொல்லியாக வேண்டும்: 1842-இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டே தாவரவியலாளர் ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதிவுசெய்யக் கையில் எடுத்துக்கொண்ட இந்த முறைதான் கைக்காகிதத்துக்கு மிகவும் இசைவானது என்பது என் எண்ணம். மைப்பூச்சு வேண்டாம், பிரிண்டருக்குள் தாளைச் செலுத்தவும் வேண்டாம், நெகட்டிவை மட்டும் படத்தின் அளவிலேயே ஒளிபுகும் ஃபிலிமில் அச்சிட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி: பருத்தி, வாஷி, லோக்தா என்று பல பெயர்கள். முதல் முறை செய்கிறவர் எதில் தொடங்கலாம்?

பதில்: பருத்தியில். பருத்தித் துணிக் கழிவிலிருந்தோ, விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையிலிருந்தோ செய்த 200 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள் பிரிண்டருக்கும் அடங்கும், நீரையும் தாங்கும். துணியிலிருந்து செய்ததில் இழை நீளம், பலம் கூடுதல்.

வாஷி ஜப்பானின் தாள். அதன் கைவினைக்கு யுனெஸ்கோ 2014-இல் பாரம்பரியப் பட்டியலில் இடம் கொடுத்தது. அதில் கோஸோ என்பது காகித மல்பெரி மரப்பட்டை, இழை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட நீளமாக இருக்கும், அதனால்தான் வெங்காயத் தோல் போல மெல்லிசான தாளும் நனைந்தால் கிழிவதில்லை. காம்பி இன்னும் நெருக்கமானது, லேசான பட்டு மினுக்கு உண்டு, நுண்விவரம் உள்ள படத்தைக் கைக்காகிதத்தில்தான் அச்சிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் காம்பிதான் வழி. மெல்லிய வாஷிக்குப் பின்னால் வேறொரு தாளோ நிறமோ வைத்தால் அது ஊடுருவித் தெரியும், இதை வைத்தே தனியாக ஒரு கலையைச் செய்கிறார்கள். லோக்தா நேபாளத்தின் மலைப்புதர் ஒன்றின் பட்டையிலிருந்து வருகிறது. பலமானது, ஆனால் பரப்பும் கனமும் தாளுக்குத் தாள் மாறும், நேரடி இங்க்ஜெட்டுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கொரியாவின் ஹான்ஜியும் மல்பெரிதான், கோஸோவைக் கையாளத் தெரிந்தவருக்கு அது சிரமமாக இருக்காது.

கேள்வி: கையால் செய்தது என்று விற்கிறார்கள், பார்த்தால் எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நான்கு விளிம்பையும் பாருங்கள். சட்டத்தில் கூழை அள்ளிச் செய்த தாளில் நான்கு பக்கமும் இயல்பாக மெலிந்து முடியும். உருளை அச்சில் மெதுவாகச் செய்யும் இயந்திரத் தாள்களில் இரண்டு பக்கம் மட்டுமே அப்படி இருக்கும், மற்ற இரண்டும் வெட்டியோ கிழித்தோ இருக்கும். ஓவியர்கள் விரும்பும் புகழ்பெற்ற பல தாள்கள் இந்த இரண்டாம் வகைதான், ஒளிப்படத்துக்கு அவை மிக நல்ல தாள்கள், தாழ்வாக நினைக்க வேண்டாம். விற்பவர் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது மட்டும்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பாருங்கள்: கைக்காகிதத்தில் அடர்த்தி மேகம் மேகமாக மாறும்.

கேள்வி: பழைய செய்தித்தாளை ஊறவைத்து, அரைத்து நானே தாள் செய்து அதில் அச்சிடலாமா?

பதில்: பழகுவதற்குச் செய்யலாம், வைத்துக்கொள்ள வேண்டிய படத்துக்கு வேண்டாம். செய்தித்தாள் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்த கூழ், அதில் லிக்னின் என்ற மரப்பொருள் நிறைய; வெயில் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும், நீங்கள் மறுபடி தாளாகச் செய்தாலும் அந்தக் குணம் போகாது. பழைய பருத்தித் துணியைப் பொடியாக வெட்டி அரைக்க மிக்ஸி போதாது, இழையை நசுக்கிப் பிரிக்கும் பீட்டர் (beater) என்ற இயந்திரம் வேண்டும். அதனால் வீட்டில் செய்கிறவர்கள் தயார்நிலையில் விற்கும் பருத்திக் கூழ்த் தகட்டை வாங்கி ஊறவைத்து அடித்துக்கொள்வதுதான் எளிது. இதில் எனக்குப் பிடித்த ஒரு யோசனை: எந்தச் செடியைப் படம் எடுத்தீர்களோ அதன் நாரையே வேகவைத்து, அடித்துக் கூழில் கொஞ்சம் சேருங்கள். பார்க்கிறவருக்குச் சொன்னால்தான் தெரியும், ஆனாலும் அந்தத் தாளுக்கு அந்தப் படத்தோடு உள்ள உறவு வேறு.

கேள்வி: இப்படி அச்சிட்ட படம் நூறு வருடம் இருக்குமா?

பதில்: காகிதம், மை, வெளிச்சம், ஈரப்பதம் என நான்கும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும், தாளை மட்டும் பார்த்து யாரும் உறுதி கொடுக்க முடியாது. லிக்னின் இல்லாத பருத்தித் தாளில் பிக்மென்ட் மை என்பது நல்ல கூட்டணி. டை மை என்றால் தாள் நூற்றாண்டு இருக்கலாம், படம் இருக்காது. பிளாட்டினம் அச்சில் படம் என்பது நாருக்குள் பதிந்த உலோகத் துகள்கள், அதனால் அந்தப் படத்தின் ஆயுள் கிட்டத்தட்டக் காகிதத்தின் ஆயுள்தான். சயனோடைப் நேர் வெயிலில் வெளிறும், ஆனால் இருட்டில் கொஞ்ச காலம் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், வேறெந்தப் படத்துக்கும் இப்படி ஒரு சலுகை இருப்பதாக நினைக்காதீர்கள்.

கேள்வி: ஒரே படத்தைப் பத்துப் பிரதி எண்ணிட்டு விற்கிறேன். கைக்காகிதத்தில் ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறி வருகிறது. வாங்கியவர் ஒருவர், இணையத்தில் பார்த்தது இது இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாம் ஒரே மாதிரி வர என்ன செய்வது?

பதில்: ஒரே மாதிரி வரவைக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் திருப்பி அனுப்பியவர் மீதும் தவறில்லை. வாங்குவதற்கு முன் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். விற்கும் இடத்தில் ஒரே படத்தின் இரண்டு மூன்று பிரதிகளை அருகருகே வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் தாளின் முகம் தெரிகிற ஒரு படமும் போடுங்கள். முடிந்தால் அவர் வாங்கப்போகும் அதே பிரதியின் படத்தையே காட்டுங்கள். அதற்காகக் கறையையும் மை சொட்டியதையும் தாளின் இயல்பு என்று சொல்லி விற்கக் கூடாது. நாரின் ஏற்ற இறக்கம் வேறு, வேலையின் குறை வேறு, செய்தவருக்கு இரண்டும் நன்றாகவே தெரியும்.

மாறுபாட்டையே பலமாக்கியவர்களும் உண்டு. ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் 1904-இல் எடுத்த நியூயார்க் ஃபிளாட்டயர்ன் கட்டடப் படத்தைப் பிளாட்டினம் அச்சின் மேல் நிறமேற்றிய கோந்துப் படலத்தைப் பூசி அச்சிட்டார். ஒரே நெகட்டிவிலிருந்து நிறம் வேறுபட்ட மூன்று பிரதிகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்றில் எது சரியான பிரதி என்று யாரும் கேட்பதில்லை. எண் போட்டு விற்பதானால் ஒவ்வொரு பிரதிக்கும் தாள், மை, தேதி குறித்து ஒரு சிறு சீட்டு வையுங்கள். கையெழுத்தும் எண்ணும் பென்சிலில் இருக்கட்டும். பேனா மை இந்தத் தாளில் ஊறிப் பரவும்.

கேள்வி: சட்டம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்? படத்தை அனுப்பும்போது சுருட்டலாமா?

பதில்: பிசிறு விளிம்பைக் காட்டத்தான் ஆசைப்பட்டு வாங்கியிருப்பீர்கள், அதை மவுன்ட் அட்டைக்கு அடியில் மறைத்துவிடாதீர்கள். தாளை அட்டையின் மேல் மிதப்பது போலப் பொருத்தச் சொல்லுங்கள். பின்பக்கம் மேல் விளிம்பில் மட்டும், ஜப்பானியத் தாளில் வெட்டிய இரண்டு சிறு கீல்கள், கோதுமை ஸ்டார்ச் பசை. முழுத் தாளையும் பசை போட்டு அட்டையில் ஒட்டினால் ஈரப்பதம் மாறும்போது தாள் விரிந்து சுருங்க இடமில்லாமல் அலையலையாகிவிடும். செல்லோடேப், இரட்டைப் பக்க டேப் இரண்டும் வேண்டாம், சில வருடங்களில் பழுப்புக் கறை முன்பக்கம் வரை வரும். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளிக்கு ஸ்பேசர் வையுங்கள். சயனோடைப் என்றால் பின்னட்டையும் சுண்ணாம்பு சேர்க்காத வகையாக இருக்க வேண்டும், சட்டம் போடுபவரிடம் இதை எழுதியே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் நல்ல அட்டை என்று அவர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு சேர்த்ததாகத்தான் இருக்கும்.

மெல்லிய வாஷியை அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்டி அனுப்பலாம். கனமான பருத்தித் தாளைச் சுருட்டாதீர்கள், மேல்பூச்சு போட்டிருந்தால் அது வெடிக்கும். படத்தின் மேல் கிளாசின் என்ற மெல்லிய வழவழப்பான தாள் ஒன்று, அப்புறம் இரண்டு பக்கமும் கெட்டியான அட்டை, அட்டைகள் படத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பெரிதாக. பார்சலில் முதலில் அடிபடுவது மூலைதான், பிசிறு விளிம்பு ஒருமுறை மடங்கினால் திரும்ப நேராகாது.